செத்தவன் குரலில் ஒரு டிக்கெட்

அய்யப்பன்தாங்கலில் பஸ் ஏறியதிலிருந்து அருளப்பன் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குகிறது. இதுவும் இறங்கிவிட்டது. அப்படியென்றால் தொண்டை இன்னும் அடைக்கவில்லை. நேற்று பிற்பகலிலிருந்து அவருக்கு இதே வேலை. ரோரி ஹென்ஷாவுக்குத் தொண்டைதான் முதலில் வீங்கியதாம். முதலையின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணிக் காட்டியவன், சிங்கம் தின்றுகொண்டிருந்த இடத்துக்குப் பத்தடியில் உட்கார்ந்து டிவி பார்ப்பவர்களோடு பேசியவன், ஒரே ஒரு தேனீ கழுத்தில் கொட்டி, தென்னாப்பிரிக்காவில் பெயர் வாயில் நுழையாத ஓர் ஆற்றங்கரையில் ஆறு நிமிடத்தில் மூச்சடைத்துச் செத்துப்போனான். அந்த ஆள் பத்தொன்பது வருடமாகத் தமிழ் வீடுகளில் பேசிய பேச்செல்லாம் அருளப்பனின் தொண்டையிலிருந்து போனது. டப்பிங் ஸ்டுடியோவில் காதில் அவன் குரலைக் கேட்டுக்கொண்டே, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் இவர் மூச்சு வாங்கி, அவன் தும்மிய இடத்தில் இவர் தும்மி, அவன் ஓடியபோது நின்ற இடத்திலேயே ஓடி இளைத்து. நேற்று சாப்பிடும்போது அவருக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வந்து, ரெஜினா தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொன்னாள். அப்போது மணி என்ன என்பதுதான் இப்போது சிக்கல். அங்கே காலை பத்து மணி அளவில் என்று செய்தியில் போட்டார்கள். பத்தோடு மூன்றரையைக் கூட்டினால் ஒன்றரை. சாப்பிட உட்கார்ந்தது ஒன்றேகால். புரையேறியது மோர்ச் சாதத்துக்கு முன்பா பின்பா? முன்பு என்றால் சரியாக வராது. பின்பு என்றால் சரியாக வந்துவிடும். அந்த ‘அளவில்’ என்ற சொல்லை எழுதினவன் மட்டும் கையில் கிடைத்தால். அவர் மறுபடி விழுங்கினார், இறங்கியது.

மணி பத்து நாற்பது. பதினொன்றரைக்குள் மகனிடம் பேசியாக வேண்டும். போன் சட்டைப்பையில்தான் இருந்தது, அழுத்தினால் போதும், ஆனால் அழுத்தினால் வாயைத் திறக்க வேண்டுமே. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று சற்று முன்பு மறுபடி தெரிந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து பையைத் தட்டியபோது அவர் வேறு நினைப்பில் இருந்துவிட்டார். வழக்கமாக வருகிற குரலில், அதாவது பத்தொன்பது வருடமாக வந்து வந்து பழகிவிட்ட குரலில், “வடபழனி ஒண்ணு” என்றார். அவ்வளவுதான். முன் சீட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பச்சைச் சீருடைப் பெண் ஒருத்தி போனில் ரோரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டென்று போனைப் பார்த்தாள், பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அருளப்பனைப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு வயது, முன் வழுக்கை, கோடு போட்ட சட்டை, கையில் மாத்திரைக் கவர். அந்த முகத்தில் அவள் தேடிய ஆள் இல்லை. அவளுடைய கை தானாகப் போய்க் கழுத்துத் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. “இன்னொரு தடவை பேசுங்கண்ணா” என்றாள், கெஞ்சுகிற மாதிரி. அருளப்பன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறது என்று கையாட்டினார். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு இதுவரை திரும்பவும் இல்லை, ஆனால் அவளுடைய முதுகு அவரையே கேட்டுக்கொண்டிருந்தது. ரெஜினாவும் நேற்றிரவு இப்படித்தான். தண்ணீர் கேட்டார், பாவம், தாகம் எடுத்துத் தண்ணீர்தான் கேட்டார். அவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு நாளைக்குக் கொஞ்சம் பேசாமல் இருங்களேன், எனக்கு என்னவோபோல் இருக்கிறது என்றாள். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தினவள். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. ஜன்னலோரம் இரண்டு கல்லூரிப் பெண்கள் கறுப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாக மாட்டி அழுதுகொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இது தேனீ இல்லை, சர்வதேசச் சதி, சுரங்கக் கம்பெனிக்காரன் வேலை என்று ஆரம்பித்து, யாரும் மறுக்காததால் சுவாரசியம் குறைந்து நிறுத்திவிட்டார். டிரைவருக்குப் பின்னால் இருந்தவன், எத்தனை பாம்பைப் பிடித்து ஆட்டினான், நாகத்தம்மா சும்மா விடுவாளா என்றான். அதற்கு இன்னொருவன், கொட்டியது தேனீ, நாகத்தம்மாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரனாக இருந்தாலும் என்ன அழகாகத் தமிழ் பேசினான். பெரியவர் ரோரி சின்ன வயதில் ஊட்டியில் வளர்ந்ததாகவே அடித்துச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அருளப்பன் மனதுக்குள் மீசையை முறுக்கியிருப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அவர்கள் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லிச் சொல்லி உருகிய அந்த இரண்டு வார்த்தை ரோரி சொன்னதே இல்லை. கிட்ட வாங்க. எப்படிக் கூப்பிடுவான் பார்த்தீர்களா, சொந்தக்காரன் மாதிரி. கிட்ட வாங்க, ஒண்ணும் பண்ணாது. முதல் வருடம், மூன்றாவது நாள் டப்பிங், ஒரு நல்லபாம்புக் காட்சி. அந்த ஆள் காமிராவைப் பார்த்து, தள்ளி நில்லுங்கள் என்று அவன் பாஷையில் இரண்டே அசைவில் சொல்லிவிட்டான். மொழிபெயர்த்தவர் அதை ஒன்றரை வரிக்கு எழுதி வைத்திருந்தார், தயவுசெய்து பார்வையாளர்கள் எவரும் என்று தொடங்கி. ‘தயவுசெய்து’ முடிவதற்குள் அவன் வாய் மூடிவிட்டது. ஏழு தடவை பேசிப் பார்த்தும் பேச்சோடு அவன் உதடு ஒட்டவில்லை. அன்று இரவே டேப்பை அனுப்ப வேண்டும், அடுத்த ஆள் வெளியே மைக்குக்குக் காத்திருக்கிறார், பசி வேறு. படத்தில் அவன் பாம்பின் முகத்துக்கு நேரே குனிகிறான், வாய் இரண்டு தடவை திறந்து மூடுகிறது. அருளப்பனுக்கு வாயில் வந்தது அது. கிட்ட வாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவு எஞ்சினியர் உமாபதி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், அச்சு மாதிரி உட்கார்ந்துவிட்டது சார் என்றார். அர்த்தம் தலைகீழாகப் போனதை இருவரும் கவனிக்காமல் இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார்கள், சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பார்த்தார்கள். ஊரே பார்த்தது. அடுத்த மாதமே சேனல்காரர்கள் அதை எல்லா எபிசோடிலும் போடச் சொல்லிவிட்டார்கள். அவன் தள்ளி நில்லுங்கள் என்று கையை நீட்டிய இடத்திலெல்லாம் இவர் கிட்ட வாங்க என்றார். கையை நீட்டுவதும் கூப்பிடுவது மாதிரிதானே இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால்.

ஆல்வினுக்கு அப்போது ஐந்து வயது. ஐந்தா, ஐந்தரையா. டிவியில் அந்த இரண்டு வார்த்தை வந்ததும் குடுகுடுவென்று ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை வைப்பான். மூக்கு பட்ட இடத்தில் ஈரமாக ஒரு வட்டம் இருக்கும், ரெஜினா துடைத்துக்கொண்டே இருப்பாள். அருளப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்து ரசித்தார், வெட்கக்கேடு, ரசிக்கத்தான் செய்தார். தன் மகன் தன் குரலுக்கு ஓடுகிறான் என்ற கர்வம். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் ரோரியாகப் பேசுவார், சாப்பிட்டுவிடுவான். காய்ச்சலில் ரோரியாகப் பேசுவார், தூங்கிவிடுவான். அப்பாவாகப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதனால் அப்பாவாகப் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எப்போது நின்றே போனது என்று யோசித்தால் பிடிபடவில்லை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போனான். வீடுகளில், தோட்டங்களில் பாம்பு நுழைந்தால் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடுகிற கூட்டத்தில் சேர்ந்தான். எட்டு மாதத்துக்கு முன்பு நல்லபாம்பு வலது கட்டைவிரலில் போட்டது. உயிர் பிழைத்தான், விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அருளப்பன் போதும்டா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயசிலிருந்து கிட்ட வா கிட்ட வான்னு கூப்பிட்டுவிட்டு இப்போது தள்ளிப் போ என்றால் எப்படி என்று கேட்டான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிட்டது ரோரி இல்லையடா, உன் அப்பன், அதுவும் உதடு ஒட்டுவதற்காக என்று. நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத் திட்டினார். திட்டு பெரிதாகி, நர்ஸ் வந்து, அவர் பஸ் ஏறினார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இன்று காலை ரெஜினா போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். பொள்ளாச்சிக் கூட்டம் போட்டிருந்த அறிவிப்பு. ரோரி அண்ணனுக்கு அஞ்சலி, பதினொன்றரை மணிக்கு நேரலை, ஆல்வின் நல்லபாம்பைப் பிடிகம்பி இல்லாமல் வெறும் கையில் எடுத்து, ரோரி செய்த மாதிரியே முகத்தோடு முகம் வைத்து நிற்பான். அந்த விரல் நுனி இல்லாத கையால். ரெஜினா நான்கு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நீங்கள் கூப்பிடுங்கள் என்றாள். பஸ்ஸில் போகும்போது கூப்பிடுகிறேன் என்று கையால் சைகை செய்துவிட்டு வந்தார். பேசாதே என்றவளே பேசச் சொல்கிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

போரூர் ரவுண்டானாவுக்கு முன்னால் பஸ் நின்றது, நின்றது நின்றபடி இருந்தது. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சாலையோரம் பந்தல் போட்டு ரோரிக்குக் கண்ணீர் அஞ்சலி. பத்தடி உயரப் பேனரில் ரோரி சிரித்தான், அவனைச் சுற்றி வட்ட வட்டமாக உள்ளூர் இளைஞர்களின் முகங்கள் கையெடுத்துக் கும்பிட்டன. எங்கள் அண்ணன் என்று எழுதி, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, ஒரு மூங்கில் கூடையில் யாரோ ஒரு சாரைப்பாம்பையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆட்டோ மேல் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரிலிருந்து அருளப்பன் பேசிக்கொண்டிருந்தார். கிட்ட வாங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. வெயிலில் ஜனங்கள் உண்மையிலேயே கிட்டப் போனார்கள். வரிசையாகப் போய்க் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக் கூடைக்கு மேலே பிடித்தாள். அருளப்பன் பஸ்ஸுக்குள் இருந்து தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்ல குரல். தெளிவாக, தைரியமாக, கொஞ்சம் கரகரப்பாக, சாவே இல்லாத குரல். அதற்கு உரியவன் ஐஸ்பெட்டியில் கிடக்கிறான், அதைக் கொடுத்தவன் பஸ்ஸில் எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கிறான், அதுபாட்டுக்கு வெளியே நின்று ஆட்களைக் கூப்பிடுகிறது. இரண்டு பேரும் இல்லாவிட்டாலும் கூப்பிடும் என்று தோன்றியது. எத்தனை ஊரில் இப்போது இதே நேரத்தில், எத்தனை ஸ்பீக்கரில், எத்தனை போனில். யாராவது ஒரு சின்னப்பயல் எங்கேயாவது ஒரு புதருக்குள் கையை விட்டிருப்பானோ. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எவனும் விட்டிருக்க மாட்டானா. அவர் அந்த நினைப்பைத் தள்ளினார், அது போகிற மாதிரி போய்த் திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. முன் சீட்டுப் பெண் ஸ்பீக்கரையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மணி பதினொன்று இருபது.

வடபழனி போய் இறங்கியதும் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டபோது அவருக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது, வரவில்லை. சேனலிலிருந்து இரண்டு பக்கம் அனுப்பியிருந்தார்கள். ரோரி மேலுலகத்திலிருந்து தமிழ் ரசிகர்களுக்கு விடை சொல்வதாக எழுதியது. நான் எங்கேயும் போகவில்லை, உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு வினாடி இடைவெளி விட்டுக் கடைசியாகக் கிட்ட வாங்க. மெதுவாக, மூச்சோடு சொல்ல வேண்டும் என்று பேனாவால் குறித்திருந்தார்கள். செத்தவன் கூப்பிட்டு யார் போவது? ஆல்வின் போவான். பத்து நிமிடத்தில் போய்விடுவான். அருளப்பன் போனை எடுத்தார். கை வியர்த்து, பெயர் அழுந்தாமல் வழுக்கி, யாரோ பால்காரர் பெயர் அழுந்தி, அதைத் துண்டித்து, மறுபடி. மணி அடித்தது. எடுக்க மாட்டான். எடுக்காவிட்டால் நம் மேல் தப்பில்லை என்று மனதின் ஒரு மூலை நிம்மதிப்பட்டதை அவர் கவனித்தார், அந்த மூலையைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆறாவது மணியில் எடுத்துவிட்டான். பின்னால் யாரோ, லைவ்ல ரெண்டாயிரம் பேர் வந்துட்டாங்கடா, ஆரம்பிக்கலாமா என்று கேட்பது காதில் விழுந்தது.

“ஆல்வின்” என்றார். ரோரிதான் கூப்பிட்டான்.

“அப்பா, இன்னிக்கு மட்டும் அந்தக் குரல்ல பேசாதீங்க” என்றான் ஆல்வின்.

வேறு குரலுக்கு எங்கே போவது? அவர் அதே குரலில், ரகசியம் பேசுகிறவர் மாதிரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். நல்லபாம்புக் காட்சி, ஒட்டாத உதடு, பசி, உமாபதியின் கட்டைவிரல். அவன் தள்ளி நில் என்றுதான் சொன்னான், ஒவ்வொரு தடவையும் தள்ளி நில் என்றுதான் சொன்னான், நான்தான் மாற்றினேன், ஒரு பொய்யை நம்பி நீ இதைச் செய்யாதே என்றார். சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஏனென்றால் ஆல்வின் ஆச்சரியப்படவே இல்லை.

“தெரியும்ப்பா. பத்தாவது படிக்கறப்பவே இங்கிலீஷ்ல எல்லாத்தையும் பாத்துட்டேன். அவன் ஒரு தடவைகூட கிட்ட வான்னு சொன்னதில்ல. கூப்பிட்டது நீங்க.” குரல் சாதாரணமாக இருந்தது, சாப்பிட்டாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது போல. “நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் நான் போனேன். வேற எதுக்கும் நீங்க என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.”

பிறகு போனை எங்கேயோ வைத்துவிட்டான், துண்டிக்கவில்லை. பிளாஸ்டிக் ஜாடியின் மூடி கரகரவென்று திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று. பாம்பை அடைத்து வைக்கிற ஜாடி அது, காற்றுக்கு ஓட்டை போட்ட ஜாடி, ஆஸ்பத்திரிக்குக்கூட ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருந்தார்கள். இன்னொரு சுற்று. அருளப்பன் விழுங்கினார். எச்சில் இறங்கவில்லை. தொண்டை கல் வைத்து அடைத்த மாதிரி நின்றது, காது இரண்டும் இரைந்தன. இப்படித்தான் இருந்திருக்கும் அவனுக்கு, அந்த ஆறு நிமிடம் இப்படித்தான் என்று நினைத்தார். நினைத்த அதே நொடியில், தொண்டைக்கும் கீழே, நெஞ்சுக்கும் கீழே எங்கிருந்தோ ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது.

“ஏலே, மூடுலே அத! சொல்லுதேம்லா. மூடிட்டுத் தள்ளி வா மக்கா. என் பேச்சக் கேட்டு எவம்லே கிட்டப் போவச் சொன்னான் ஒன்ன, நான் கூறுகெட்டவம்லே, நான் சொன்னா நீ போயிருவியா? வாலே வீட்டுக்கு.”

கீச்சென்று, அழுகிற பொம்பளை மாதிரி, தெரு முனையில் சண்டைக்கு நிற்கிறவன் மாதிரி இருந்தது அந்தக் குரல். தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் பேசுகிற பேச்சு. இருபத்தேழு வருடத்துக்கு முன்பு முதல் டப்பிங் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, இந்த ஊர்ப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒருவர் சொன்னார், விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். கல்யாணத்துக்குப் பிறகு ரெஜினாகூட அதை அதிகம் கேட்டதில்லை. மகன் கேட்டதே இல்லை. பஸ்ஸில் நாலைந்து பேர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். பச்சைச் சீருடைப் பெண்ணும் ஒரு தடவை திரும்பி, ஏதோ வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டவளாக, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனில் மூடியின் சத்தம் நின்றிருந்தது. யாரோ ஆல்வினைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் அவர்களைச் சும்மா இருக்கச் சொன்னான். போனைக் கையில் எடுக்கிற சத்தம்.

“யாரு?” என்றான் ஆல்வின். பாம்புக்குப் பயப்படாதவன் குரலில் பயம் இருந்தது. “யாரு பேசறது?”

“அப்பாதாம்லே” என்றார் அருளப்பன்.

மகன் மூச்சு விடுவது கேட்டது, அவர் அதோடு சேர்ந்து மூச்சு விடாமல் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி மூடி திரும்பியது. சத்தத்தை வைத்தே சோறு தின்றவருக்குத் திறப்பதற்கும் இறுக்குவதற்கும் வித்தியாசம் தெரியும். ஆனாலும் முதல் சுற்றை நம்பாமல், காதைப் போனோடு அழுத்திக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்குக் காத்திருந்தார். அதுவும் இறுக்குகிற சத்தம்தான்.